முடி மறுத்தோரும் மலர் கொணர்ந்தோரும்: கிறித்தவ அடக்கச் சடங்கில் மலர் அஞ்சலி

இறந்தோருக்கு மலரிடும் வழக்கம் மனித குலத்தின் பழைய வழக்கங்களுள் ஒன்று. கிறித்தவ இல்லமொன்றில் இறப்பு நேர்ந்ததும் உற்றாரும் நண்பரும் மலர்க்கடையை நாடுகின்றனர். வளையமா, சிலுவை வடிவமா, லில்லியா, ரோசாவா, சாமந்தியா, அட்டையில் எழுத வேண்டிய சொல் யாது என்பனவெல்லாம் சில நிமிடங்களில் முடிவு செய்யப்படுகின்றன. இன்று இயல்பாகத் தோன்றும் இத்தேர்வுக்குப் பின்னே ஏறத்தாழ 1800 ஆண்டுகள் நீண்ட வழக்கொன்று உண்டு. ஏனெனில், கிறித்தவம் தன் தொடக்க நூற்றாண்டுகளில் இறந்தோருக்கு மலர்முடி சூட்ட மறுத்த சமயமாகும். மறுத்த மலரை அது பின்னர் எவ்வாறு ஏற்றது, எந்நிபந்தனையோடு ஏற்றது, ஏற்ற பின்னும் எதை மறவாதிருந்தது என்பன ஆராயத்தக்கன. அவ்வரலாற்றில் ஆயர்களுக்கும் அரசர்களுக்கும் உள்ள இடத்தைப் போலவே கவிஞர்களுக்கும் ஓர் இடம் இருந்திருக்கிறது.

உரோமையரின் ரோசாவும் கிறித்தவரின் மறுப்பும்

பண்டைய உரோமையர் தம் முன்னோர் கல்லறைகளை மலரால் போற்றினர். பிப்ரவரித் திங்களில் முன்னோர்க்குரிய நாள்கள் இருந்தன. வேனில் தொடங்குங்கால் வயலெட் மலர் இடும் நாளும், ரோசா மலரும் பருவத்தில் ரோசாலியா எனப்படும் விழாவும் கொண்டாடப்பட்டன. ஆண்டுதோறும் தம் கல்லறையில் ரோசா இடுவதற்கென்று பணம் ஒதுக்கிவைத்த செய்தியைப் பலர் கல்லிலேயே பொறித்து வைத்தனர். இறந்தோரின் தலையில் முடியாக மலர் சூட்டுவதும் அவர்தம் மரபு.

இவர்களிடையே வாழ்ந்த கிறித்தவர் மட்டும் மலர்முடியை விலக்கினர். அது அண்டை அயலாரின் கண்ணை உறுத்திற்று. மினூசியுஸ் பேலிக்ஸ் என்பார் இலத்தீனில் இயற்றிய 'ஒக்தாவியுஸ்' என்னும் உரையாடல் நூலில், பழைய சமயத்தைச் சார்ந்தவர் கிறித்தவர்மேல் சாற்றும் குற்றங்களுள் இதுவும் ஒன்று: அவர்கள் தலையில் மலர் சூடுவதில்லை, கல்லறைகளுக்கும் மாலை மறுக்கின்றனர் என்பது. அதற்குக் கிறித்தவர் தரப்பில் கூறப்படும் விடை நயமானது. வேனில் மலர்களை நாங்களும் விரும்புகிறோம், உதிரியாகத் தூவுகிறோம், கழுத்திலும் அணிகிறோம், மணத்தை முகர்வது மூக்கேயன்றிக் கூந்தல் அன்று என்பது விடையின் முதற்பகுதி. இறந்தவர் பேறு பெற்றவராயின் அவருக்கு மலர் தேவையில்லை, துயருற்றவராயின் மலரால் அவர் மகிழப்போவதில்லை என்பது அடுத்த பகுதி. வாடும் முடியைக் கட்டாமல், இறைவனிடமிருந்து வாடாத முடியை எதிர்நோக்குகிறோம் என்பது முடிவு.

இவ்விடையின் வேர் புதிய ஏற்பாட்டில் உள்ளது. வெற்றி பெற்ற ஓட்டக்காரனுக்குச் சூட்டும் அழியும் முடியையும், நம்பிக்கையோடு வாழ்ந்தவனுக்குரிய அழியா முடியையும் பவுல் ஒப்பிடுகிறார். பேதுருவின் முதல் திருமுகம் வாடாத முடியைக் குறிப்பிடுகிறது. அங்கு ஆளப்படும் கிரேக்கச் சொல் 'அமரந்த்' என்னும் மலர்ப்பெயரோடு வேர் ஒன்றானது. வாடாதது என்பதே அதன் பொருள். தமிழர் வாடாமல்லி என்று பெயரிட்டழைக்கும் பூவும் தாவரவியலார் வகுத்த அமரந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே என்பது இங்கு நினைக்கத்தக்கது.

கார்த்தேசு நகரத்துத் தெர்த்தூலியன் கி.பி. 211ஐ ஒட்டி 'முடி' என்றே பெயரிட்டு ஒரு நூல் எழுதினார். பேரரசரின் கொடையைப் பெற வரிசையில் நின்ற வீரர்களுள் ஒருவன், தான் கிறித்தவன் ஆதலின் தழைமுடியைத் தலையில் அணியாமல் கையிலேயே ஏந்தி நின்றதும், அதற்காகச் சிறைப்பட்டதுமே அந்நூல் பிறக்கக் காரணம். அதில் அவர் இறந்தோர்க்குரிய முடியையும் தொட்டுச் செல்கிறார். இறந்தோருக்கு முடி சூட்டுவது அவரைத் தெய்வமாக்கும் செயல் என்பது அவர்தம் கருத்து. முள்முடி சூடிய ஆண்டவரின் அடியார் மலர்முடி சூடுதல் பொருந்துமோ என்னும் வினாவும் எழுப்பப்பட்டது. இதே வினாவை அலெக்சாந்திரியாவின் கிளமெந்தும் கேட்டுள்ளார். ஆகவே, அன்றைய மறுப்பு மலரின்மேல் எழுந்த வெறுப்பன்று. வழிபாடாக மாறக்கூடிய வடிவத்தின்மேல் எழுந்த அச்சம் அது. உதிரிப் பூவுக்குத் தடையில்லை. முடியாகக் கட்டப்பட்ட பூவுக்கே தடை.

தடைக்குள்ளேயும் மலர் வேறு வழியில் நுழைந்தது. உரோமை நகரின் நிலத்தடிக் கல்லறைகளில் மலர்மாலைகளும் ரோசாக்களும் ஓவியங்களாகத் தீட்டப்பட்டன. கலிஸ்துவின் கல்லறைத் தொகுதியில், கைவிரித்து வேண்டி நிற்கும் ஐவரைச் சுற்றி மலர்ச் சோலையொன்றைக் காணலாம். இறந்தவர் சென்றடைந்த தோட்டமாக மலரைக் காட்டுவது ஏற்புடையதாயிற்று.

மலரா, ஈகையா?

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் கிறித்தவம் அரச சமயமாயிற்று. அப்போது வழக்கு மற்றொரு வடிவம் கொண்டது. 392ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் பேரரசர் இரண்டாம் வலெந்தீனியன் தம் 21ஆம் வயதில் தூக்கில் தொங்கியவராகக் காணப்பட்டார். தற்கொலையோ கொலையோ என்னும் ஐயம் ஒருபுறம். அவர் திருமுழுக்குப் பெறாமலே இறந்தார் என்னும் துயர் மறுபுறம். மிலான் நகர ஆயர் அம்புரோசியார் இரங்கலுரை ஆற்றினார். இலத்தீன் பெருங்கவி வேர்ஜிலின் காப்பியத்தில், இளமையில் இறக்கவிருக்கும் மார்செல்லுசுக்காகக் கை நிறைய லில்லி மலர் வேண்டும் இடம் கற்றோர் யாவரும் அறிந்தது. அம்புரோசியார் அதனை நினைவூட்டிவிட்டு மறுக்கிறார். பிறர் கூடைகூடையாக லில்லியைத் தூவட்டும். நமக்கு லில்லி கிறித்துவே. இவ்விளைஞனின் ஆன்மாவை அம்மணத்தால் மணக்கச் செய்வோம் என்பது அவர் உரையின் சாரம். திருமுழுக்கை விரும்பியதே அவருக்குப் போதுமானதாயிற்று என்றும் ஆயர் வாதிடுகிறார். தம்மினும் இளையவனை இழந்த முதியவர் ஒருவரின் துயர் அம்மறுப்பிலும் ஒலிக்கிறது. மலரை மறுப்பதற்கும் அவருக்குக் கவிஞனின் மலர்தான் தேவைப்பட்டது.

அதே காலத்தில் உரோமை நகரில் பம்மாக்கியுஸ் என்னும் செனட்டர் தம் மனைவி பவுலீனாவை இழந்தார். அவர் புனித பேதுரு பேராலயத்தில் நகரத்து ஏழைகளைத் திரட்டிப் பெருவிருந்து அளித்தார். பின்னர்த் துறவு மேற்கொண்டார். கடல்வழி வருவோர்க்கென ஓர் அறவிடுதியையும் ஏற்படுத்தினார். அவருக்குப் புனித ஜெரோம் எழுதிய மடல் மலர் அஞ்சலியின் வரலாற்றில் திருப்புமுனையாகும். பிற கணவர் தம் மனைவியரின் கல்லறையில் வயலெட்டும் ரோசாவும் லில்லியும் தூவித் துயரை ஆற்றிக்கொள்கின்றனர். பம்மாக்கியுசோ தருமம் என்னும் நறுமணத்தால் அச்சாம்பலை நனைக்கிறார் என்று ஜெரோம் பாராட்டுகிறார்.

கல்லறையில் மலரிடுவதைப் பிற கணவர்தம் வழக்கம் என்று அவர் பொதுவாகவே குறிப்பதால், அது அன்றைய சமுதாயத்தில் பரவலாக இருந்தமை பெறப்படும். அவர் அதனைப் பாவம் என்னவில்லை. அதனினும் சிறந்தது ஒன்று உண்டு என்றார். இறந்தோருக்குச் செய்யும் சிறப்பு உயிரோடிருக்கும் ஏழைக்குப் பயன்பட வேண்டும் என்னும் இக்கருத்து, பிற்காலத்தில் மீண்டும் மீண்டும் தலைதூக்குவதைக் காணலாம்.

கவிஞன் தொடுத்த மாலை

மலரை உள்ளே அழைத்துவந்தவருள் முதன்மையானவர் ஒரு கவிஞர். 348இல் இசுபானியாவில் பிறந்து, அரசுப் பணிகளில் உயர்ந்து, முதுமையில் அவற்றை விடுத்துப் பாட்டையே தொண்டாகக் கொண்டவர் புருதென்சியுஸ். அடக்கச் சடங்குக்கென அவர் இயற்றிய பாடலில், புதைத்த எலும்புகளை வயலெட் மலராலும் பசுந்தழையாலும் போற்றுவோம் என்று வெளிப்படையாகவே கூறுகிறார். அவருக்கு அடக்கம் என்பது விதை ஊன்றுதல் போன்றது. மண் ஒருநாள் தான் பெற்றதைத் திருப்பித் தரும் என்னும் உயிர்ப்பு நம்பிக்கையே அப்பாட்டின் உயிர். அந்நம்பிக்கையோடு இடப்படும் மலர், தெர்த்தூலியன் அஞ்சிய மலரன்று. இறந்தவரைத் தெய்வமாக்கும் பொருள் நீங்கி, அவர் மீண்டும் எழுவார் என்னும் பொருள் அதில் வந்தமைந்தது.

மறைசாட்சியரைப் பற்றிய அவரது பாடல் தொகுதிக்குப் பெயரே 'முடிகளைப் பற்றி' என்பது. அதில் மெரிதா நகரத்துச் சிறுமி எயுலாலியாவைப் பற்றிய பாடல் குறிப்பிடத்தக்கது. அவளுக்குரிய நாள் திசம்பர் 10. கடுங்குளிரில் மலருக்கு எங்கே போவது? பனி உருகும் நிலத்தில் வயலெட்டும் குங்குமப்பூவும் கிடைக்கும், கொய்து வாருங்கள் என்று இளையோரை ஏவும் கவிஞர், தம் பங்குக்குத் தாம் அசையும் சீரும் கொண்டு தொடுத்த மாலையைக் கொண்டுவருவதாகக் கூறுகிறார். அது வாடியதாயினும் விழாவுக்குரியது என்று பணிவும் காட்டுகிறார். பாட்டும் பூவும் ஒரே கல்லறையின்மேல் அருகருகே வைக்கப்பட்ட இடம் அது. இரங்கற்பாவைச் சொல்மாலை என்று வழங்கும் தமிழ்க் கவிஞர்க்கு இவ்வுறவு புதிதாகத் தோன்றாது.

மறைசாட்சியரின் கல்லறையிலிருந்து பலிபீடத்துக்கு மலர் விரைவில் சென்றது. ஐந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் புனித அகுஸ்தினார் 'இறைவனின் நகர்' என்னும் நூலின் இறுதிப் பகுதியில், புனித ஸ்தேவானின் எச்சங்களைத் தொட்ட மலரைக் கண்ணில் ஒற்றிப் பார்வை பெற்ற பெண்ணொருத்தியைக் குறிப்பிடுகிறார். இரு நூற்றாண்டுகட்கு முன்னர் ஐயத்துக்குரியதாயிருந்த மலர், ஆயரின் கையால் வழங்கப்படும் அருட்பொருளாயிற்று.

குழந்தைக்கும் கன்னிக்கும் உரிய முடி

மறுக்கப்பட்ட முடியே சடங்கு விதியாக நுழைந்தது இதனினும் வியப்பானது. 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல், திருமுழுக்குப் பெற்று இறந்த சிறு குழந்தைகளின் அடக்கத்துக்குத் தனி முறை வகுத்தது. குழந்தையின் தலையில் மலரால் அல்லது நறுமணத் தழையால் முடி சூட்டுக; அது உடலின் தூய்மைக்கும் கன்னிமைக்கும் அடையாளம் என்பது விதி. குரு கருநிற உடையின்றி வெண்ணிற உடை அணிவார். அங்கே இரங்கலினும் புகழ்ச்சிக்கே இடம் மிகுதி. கீழைத் திருச்சபையாரும் இறந்தோரின் நெற்றியில் வேண்டுதல் எழுதிய பட்டையொன்றை முடியெனக் கட்டுகின்றனர்.

இங்கிலாந்தின் ஊர்ப்புறக் கோயில்களில் இம்முடி வேறொரு வாழ்வு வாழ்ந்தது. மணமாகாமல் இறந்தோருக்காகப் பட்டைக்கொம்புகளால் முடிபோன்ற கூடு கட்டி, அதில் காகித ரோசாக்களை ஒட்டி, பேழையின் முன்னே ஏந்திச் சென்று, பின் கோயிலுக்குள்ளேயே தொங்கவிடுவர். பெவர்லி நகரத்துப் புனித மரியாள் கோயிலில் 1680ஆம் ஆண்டு முடி ஒன்று எஞ்சியுள்ளது. ஹாம்ப்ஷயர் மாவட்டத்து ஆபட்ஸ் ஆன் என்னும் சிற்றூரில் இத்தகைய முடிகள் மிகப் பல உள. இறுதியாக 1973இலும் ஒன்று ஏற்றப்பட்டது. அவ்வூர் வழக்கில் முடியோடு வெண்காகிதக் கையுறைகளும் கட்டப்படும். மூன்று வாரம் அது எல்லார் கண்ணிலும் படும்படி தொங்கும். இறந்தவரின் ஒழுக்கத்தைக் குறைகூற விரும்புவோர் அக்கையுறையை ஏற்று வழக்காட வரலாம் என்பது பொருள். எவரும் வாராவிடின், பெயரும் வயதும் எழுதி முடி உயரே ஏற்றப்படும். தானே உதிரும்வரை அங்கேயே இருக்கும்.

மலர், இவ்விடத்தில், துயரின் அடையாளம் மட்டுமன்று. தீர்ப்பின் அடையாளமும் ஆகும். யாருக்கு மலர் உரியது என்னும் வினா இதில் அடங்கியுள்ளது. ஷேக்ஸ்பியர் 'ஹாம்லெட்' நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில் இவ்வினாவையே மேடையேற்றினார். ஒஃபீலியாவின் சாவு ஐயத்துக்கிடமானது என்பதால் குரு முழுச்சடங்கு செய்ய மறுக்கிறார். கன்னியர்க்குரிய முடியும் தூவும் மலரும் அவளுக்கு அளிக்கப்பட்டதே மிகை என்பது அவர் பேச்சு. அதைக் கேட்ட பின்பு அரசி தன் கையாலேயே குழியில் மலர் தூவுகிறாள். குருவின் மறுப்பையும் அரசியின் மலரையும் அருகருகே நிறுத்தியதே கவிஞரின் தீர்ப்பு எனலாம்.

1645இல் ஆங்கிலப் பியூரிட்டான்கள் வகுத்த வழிபாட்டு ஒழுங்கு, இறந்தோரை முறையாகக் கல்லறைக்குக் கொண்டுசென்று, சடங்கெதுவுமின்றி உடனே புதைக்க வேண்டும் என்றது. தெர்த்தூலியனின் அச்சம் 1400 ஆண்டு கழித்து மீண்டும் ஒலித்தது. எனினும், ஊர்ப்புற மக்கள் தம் கையில் ஏந்திய ரோஸ்மேரிக் கொத்தை எளிதில் விட்டுவிடவில்லை. நினைவின் அடையாளமாகக் கொள்ளப்பட்ட அந்தப் பசுந்தழையை மணவிழாவுக்கும் இறுதி ஊர்வலத்துக்கும் ஒருங்கே பயன்படுத்தினர்.

சிலுவை, நங்கூரம், திறந்த வாயில்

இன்று கடைகளில் காணும் வடிவங்கள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் பரவியவை. கண்ணாடி வளர்ப்புக்கூடங்களும் புகைவண்டியும் மலரை எப்பருவத்திலும் எவ்வூருக்கும் கொண்டுசேர்த்தன. கம்பிச் சட்டத்தில் பாசியைப் பொதிந்து, அதில் மலரைச் செருகி எவ்வுருவத்தையும் ஆக்கலாம் என்னும் நிலை வந்தது. சிலுவை மீட்பைக் குறித்தது. நங்கூரம், எபிரேயர் திருமுகத்தையொட்டி, நம்பிக்கையைக் குறித்தது. நிலத்தடிக் கல்லறைகளிலேயே காணப்பட்ட பழங்குறி அது. முடிவில்லாத வட்டம் நிலைவாழ்வு எனப்பட்டது. சிலுவை உருவத்தையே நெடுங்காலம் ஐயத்தோடு நோக்கிய சீர்திருத்தச் சபையாரிடையிலும் மலர்ச்சிலுவை இடம்பெறலாயிற்று.

அமெரிக்காவில் எலிசபெத் ஸ்டூவர்ட் பெல்ப்ஸ் என்னும் எழுத்தாளர் 1868இல் 'திறந்த வாயில்' என்னும் பொருள்படும் புதினமொன்றை வெளியிட்டார். உள்நாட்டுப் போரில் உடன்பிறந்தானை இழந்த பெண், விண்ணக வாழ்வை எண்ணி ஆறுதல் பெறுவதே கதை. அது பெரும்புகழ் பெற்றது. விரைவில் அப்பெயராலேயே, சற்றே திறந்த கதவின் வடிவில் மலர் அஞ்சலி செய்யும் வழக்கம் தோன்றி நாடெங்கும் பரவிற்று. ஒரு நூலின் பெயர் மலர்க்கடைக்காரரின் பட்டியலில் பொருட்பெயராயிற்று. ஆளில்லாத நாற்காலி, ஒடிந்த தூண், இறந்த நேரம் காட்டி நின்ற கடிகாரம் முதலிய வடிவங்களும் தொடர்ந்தன. பிரான்சில் வாடும் மலரே வேண்டாமென்று கண்ணாடி மணிகளைக் கோத்து வளையம் செய்தனர். வாடாத முடியைத் தேடிய பழைய நம்பிக்கை கடைப்பொருளாக முடிந்ததே என்று வருந்துவாரும் இருக்கலாம்.

இத்தனை ஆரவாரத்துக்கிடையே எளிய மலரும் தன் இடத்தைக் காத்துக்கொண்டது. 1870 சூன் 14ஆம் நாள் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் கவிஞர் மூலையில் அடக்கம் செய்யப்பட்டார். ஆரவாரமோ துக்க உடைகளின் பகட்டோ கூடாதென்று அவர் தம் விருப்பமுறியிலேயே விதித்திருந்தார். சிலர் மட்டுமே கூடிய அச்சடங்கு முடிந்தபின் குழி மூடப்படாமல் விடப்பட்டது. செய்தியறிந்து பல்லாயிரவர் வந்தனர். கையில் கொண்டுவந்த மலரைக் குழிக்குள் இட்டுச் சென்றனர். அவருடைய கதைகளைப் படித்த மக்கள் அளித்த அம்மலருக்குக் கம்பிச் சட்டம் ஏதும் தேவைப்படவில்லை.

1881 ஏப்பிரல் 19இல் முன்னாள் தலைமையமைச்சர் டிஸ்ரேலி மறைந்தபோது, மரபு கருதி விக்டோரியா அரசி சடங்குக்குச் செல்லவில்லை. மாறாக, பிரிம்ரோஸ் என்னும் காட்டுமலரால் ஆன வளையத்தை அனுப்பி, அது அவருக்குப் பிடித்த மலர் என்று எழுதியிருந்தார். 'அவர்' என்றது டிஸ்ரேலியையா, அரசியின் மறைந்த கணவரையா என்று கேட்டோரும் உண்டு. எவ்வாறாயினும், சமயக் குறி எதுவுமில்லாத காட்டுப்பூ, இறந்தவரின் விருப்பத்தை முன்னிட்டுக் கிறித்தவ அடக்கத்தில் இடம்பெற்றது. பொதுப்பொருள் குறித்த மலரிலிருந்து தனியொருவரைக் குறிக்கும் மலருக்கு வழக்கம் நகர்ந்தமைக்கு இது தக்க சான்றாகும்.

பூவுக்குப் பொருள் தருவது எது?

வெண்லில்லி மரியாளின் தூய்மைக்கும் உயிர்ப்புக்கும் உரியதென்றும், ரோசா மறைசாட்சியரின் குருதிக்குரியதென்றும் கிறித்தவ மரபு வகுத்துக்கொண்டது. எனினும், பெரும்பாலான பூக்களுக்குப் பொருள் தந்தவை நாளும் நிலமுமே. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் குளூனி மடத்தின் தலைவர் ஒதிலோ, நவம்பர் 2ஆம் நாளை இறந்த விசுவாசிகள் அனைவருக்கும் உரிய நாளாக்கினார். ஐரோப்பாவில் அது மலர் அரிதான பருவம். 1789இல் மார்செய் நகர வணிகர் பிளாங்கார் கீழை நாட்டுச் சாமந்தியைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தார். பனியிலும் மலரும் அப்பூ, 19ஆம் நூற்றாண்டில் கல்லறைகளில் மெல்ல இடம்பிடித்தது. முதல் உலகப்போர் முடிந்து ஓராண்டு நிறைவுற்ற 1919 நவம்பரில் போர்வீரர் கல்லறைகளெங்கும் மலரிடப்பட்டபோது அவ்வழக்கம் வேரூன்றிற்று. இன்று பிரெஞ்சுக்காரர் இல்லத்துக்கு விருந்தாகச் செல்வோர் சாமந்திக் கொத்தைக் கொண்டுசெல்வதில்லை. திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை இறைவனுக்கோ செவ்வந்திநாதர் என்றே ஒரு பெயருண்டு.

மெக்சிகோவில் இறந்தோரின் நாளுக்குரிய பூ, தமிழகத்தில் துலுக்கச் சாமந்தி என வழங்கும் பூவே. அதன் தாயகமும் மெக்சிகோதான். இசுபானியர் வருகைக்கு முன்னரே அங்கு வழிபாட்டிலிருந்த அம்மலர், பின்னர் நவம்பர் 2ஆம் நாளோடு இணைந்தது. அதே பூ தமிழகத்தில் பொங்கல் நாளில் வாயிலில் தொங்குகிறது. மெக்சிகோவிலிருந்தே வந்த நிலச்சம்பங்கி, விக்டோரியா காலத்து ஆங்கிலேயர்க்குச் சாவீட்டின் மணம்; தமிழர்க்கு மணமாலையின் மணம். ஆகவே, அடக்கத்துக்கு ஆகாத பூ என்றோ, அதற்கே உரிய பூ என்றோ இயற்கையில் எதுவும் இல்லை என்பது பெறப்படும்.

மலர் வேண்டா என்னும் வேண்டுகோள்

இருபதாம் நூற்றாண்டில் ஜெரோமின் குரல் நாளிதழ்களின் இறப்புச் செய்திகளில் மீண்டும் கேட்டது. மலர் அனுப்ப வேண்டா, அதற்குரிய பொருளை மருத்துவமனைக்கோ அறநிலையத்துக்கோ அளிக்கவும் என்னும் வேண்டுகோள் ஆங்கிலம் பேசும் நாடுகளில் பரவியது. அமெரிக்க மலர் வணிகர் சங்கங்கள் அதனை எதிர்த்துப் பரப்புரை செய்தன. 1963இல் ஜெசிகா மிட்ஃபோர்டு அமெரிக்க அடக்கத் தொழிலைச் சாடி எழுதிய நூலில் இப்போராட்டமும் இடம்பெற்றுள்ளது. வணிகர் வாதம் தன்னலம் சார்ந்ததே. எனினும், துயருற்ற இல்லத்துக்கு வெறுங்கையோடு செல்ல மனம் ஒப்பாத எளியவருக்கு ஒரு பூவையும் மறுப்பது முறையா என்னும் வினாவைப் புறக்கணித்தல் இயலாது.

திருச்சபையின் விதிகள் இடைவழியை நாடின. பழைய இலத்தீன் முறையில் இறந்தோர்க்கான திருப்பலியில் பலிபீடத்தின்மேல் மலர் வைப்பதில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1969இல் அடக்கச் சடங்கு புதுப்பிக்கப்பட்டது. அமெரிக்கக் கத்தோலிக்கர் 1989இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஆங்கிலச் சடங்கு நூல், அளவோடு வைக்கும் புதுமலரை வரவேற்கிறது. ஆயின், பேழையின்மேல் வைப்பவை கிறித்தவக் குறிகளாகவே இருக்க வேண்டும் என்கிறது. கோயிலுக்குள் பேழையைத் திருமுழுக்கின் வெண்ணாடையை நினைவூட்டும் துகில் போர்த்தும்போது, அரசரின் வளையமும் ஏழையின் கொத்தும் ஒருங்கே விலக்கப்படுகின்றன. துகிலின் கீழ் எல்லாரும் ஒன்றே என்பது அதன் கருத்து. தவக்காலத்தில் பலிபீடத்தை மலரால் அணிசெய்வதும், நான்காம் ஞாயிறு, பெருவிழா, விழா ஆகிய நாள்கள் நீங்கலாக, விலக்கப்பட்டுள்ளது. ஆகவே, மலரைத் தேர்வோர் வடிவத்தை மட்டுமன்றி, அது வைக்கப்படும் இடத்தையும் திருவழிபாட்டுக் காலத்தையும் நோக்க வேண்டியவராகின்றனர்.

தமிழ் மண்ணில்

சங்கத் தமிழர் கண்ணி, தார், கோதை, தெரியல் எனப் பல பெயரிட்டு மலரைத் தொடுத்தும் சூடியும் வாழ்ந்தனர். துயரத்தை மலர் மறுப்பால் உணர்த்தும் மரபும் அவர்களிடம் இருந்தது. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடிய 242ஆம் புறப்பாட்டு, சூடுவார் எவருமில்லாத நாட்டில் பூத்த முல்லையை நோக்கிக் கேட்கும் வினாவே. உரோமைக் கிறித்தவரின் மறுப்பு இறந்தவரின் வாழ்வு தொடர்கிறது என்னும் நம்பிக்கையில் எழுந்தது. கீரத்தனாரின் மறுப்பு தாங்கவொண்ணா இழப்பில் எழுந்தது. செயல் ஒன்றாயினும் உள்ளம் வேறு.

தமிழ்க் கிறித்தவரின் அடக்கத்தில் இரு மரபும் கலந்து காணப்படுகின்றன. நாரில் தொடுத்த ரோசா மாலையும் சம்பங்கி மாலையும் பேழையின்மேல் சார்த்தப்படுகின்றன. அருகே மேலைநாட்டு மலர்ச்சிலுவையும் வளையமும் வைக்கப்படுகின்றன. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று குடும்பத்தார் கல்லறையைத் தூய்மை செய்து, வெள்ளையடித்து, மலர் பரப்பி, மெழுகுதிரி ஏற்றுகின்றனர். குரு புனித நீர் தெளித்து மந்திரிக்கிறார். மலர் வளையமோ சமய எல்லையையும் கடந்துவிட்டது. எச்சமயத் தலைவர் மறைந்தாலும் மலர் வளையம் வைத்து அஞ்சலி செலுத்துவது இன்று தமிழகப் பொதுவாழ்வின் வழக்கம். தெர்த்தூலியன் மறுத்த முடியின் உறவினமே அவ்வளையம்.

உரோமை நகரில் மீண்டும்

அண்மைக் காலத்து இரு சடங்குகள் இந்நெடிய வழக்கின் இன்றைய நிலையைக் காட்டுவன. 2022 செப்டம்பர் 19இல் இரண்டாம் எலிசபெத் அரசியின் பேழைமேல் இருந்த மலர்வளையத்தில் நினைவுக்குரிய ரோஸ்மேரி இருந்தது. 1947இல் அவர் திருமணத்தில் ஏந்திய கொத்தின் கிளையிலிருந்து வளர்த்த மிர்ட்டில் செடியின் தழையும் இருந்தது. மண்ணுக்குக் கேடான செயற்கை நுரைக்கட்டி தவிர்க்கப்பட்டு, பாசியிலும் ஓக் கிளையிலும் அது அமைக்கப்பட்டது. ஊர்ப்புற மக்கள் விடாது காத்த தழை, மணத்துக்கும் சாவுக்கும் பொதுவாய் நின்று, அரசியின் பேழையை அடைந்தது.

2025 ஏப்பிரல் 26இல் திருத்தந்தை பிரான்சிஸின் எளிய மரப்பேழை உரோமை நகர்த் தெருக்களின் வழியே புனித மரியாள் பெருங்கோயிலுக்குக் கொண்டுவரப்பட்டது. அங்கே வாயிலில் அவரை எதிர்கொண்டோர் வீடற்றோர், சிறையிருந்தோர், புலம்பெயர்ந்தோர் முதலிய எளியோர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு வெண்ரோசா இருந்தது. அடக்கத்துக்குப் பின், பெயரன்றி வேறொன்றும் பொறிக்கப்படாத அக்கல்லறையின்மேல் ஒற்றை வெண்ரோசா வைக்கப்பட்டது.

ஏறத்தாழ 1600 ஆண்டுகட்கு முன் அதே நகரில் பம்மாக்கியுஸ் மலரை விடுத்து ஏழைகளை அழைத்தார். மலரோ ஈகையோ ஒன்றே தகும் என்பது போல் ஜெரோம் அதனைப் போற்றினார். 2025இல் அவ்வேழைகளே மலரோடு வந்து நின்றனர். கிறித்தவ அடக்கத்துக்குரிய மலரைத் தேர்வோருக்கு இவ்வரலாறு பட்டியல் எதையும் தருவதில்லை. இறந்தவரைத் தெய்வமாக்காத மலர், அவருடைய வாழ்வை அறிந்த மலர், எளியவன் கையையும் வெட்கப்படுத்தாத மலர் என்னும் மூன்று அளவைகளை மட்டுமே தருகிறது. அவ்வளவைகளுக்கு உட்பட்டதாயின் முல்லையும் தகும், முற்றத்துச் செம்பருத்தியும் தகும். புருதென்சியுஸ் கருதியவாறு, வாடியதாயினும் நல்ல பாட்டொன்றும் தகும்.